கேள்வி - பதில்: ஜானி யூனிட்டாஸ்

கேள்வி: அமெரிக்கன் ஃபுட்பால்ல ஜானி யூனிட்டாஸை இன்னமும் தலைமேல வச்சு கொண்டாடுறாங்களே, அப்படி என்ன சாதிச்சாரு?

பதில்: அஞ்சு வயசுல அப்பா போயிட்டாரு, அம்மாதான் நிலக்கரி வியாபாரத்தைப் பார்த்து பிள்ளைங்களை வளர்த்தாங்க. 1955-ல சொந்த ஊர் பிட்ஸ்பர்க் டீம் ஸ்டீலர்ஸ் இவரை எடுத்துட்டு, ஒரு மேட்ச்கூட ஆட விடாம வீட்டுக்கு அனுப்பிடுச்சு. மனுஷன் கட்டட வேலைக்குப் போயிக்கிட்டே உள்ளூர் டீம்ல மேட்சுக்கு வெறும் 6 டாலருக்கு ஆடினாரு, அடுத்த வருஷமே பால்டிமோர் கோல்ட்ஸ் கூப்பிட்டுச்சு.

1958-ல NFL (அமெரிக்காவோட பெரிய ஃபுட்பால் லீக்) ஃபைனல், நியூயார்க் யாங்கீ ஸ்டேடியம். கடைசி ரெண்டு நிமிஷத்துல பந்தை எறிஞ்சு எறிஞ்சு டீமை முன்னாடி கொண்டு வந்தாரு, 7 செகண்ட் இருக்கும்போது ஸ்கோர் சமம், அப்புறம் ஓவர்டைம்ல நியூயார்க் ஜெயன்ட்ஸ் டீமை 23-17னு ஜெயிச்சாங்க. அடுத்து பந்தை எப்படி நகர்த்தணும்னு களத்துல இவரே முடிவு பண்ணுவாரு, கோச் சொல்லட்டும்னு காத்திருக்க மாட்டாரு, எனக்கு இவர்கிட்ட ரொம்பப் பிடிச்சதே அந்த தைரியம்தான். தொடர்ந்து 47 மேட்ச்ல டச்டவுன் பாஸ் (எதிரணி கோட்டைத் தாண்டி ஸ்கோர் ஆகுற மாதிரி சக வீரருக்குப் பந்தை எறியுறது) போட்ட ரெக்கார்டு 2012 வரைக்கும் அசையல.

கேள்வி: கடைசி காலம் எப்படி?

பதில்: அதை நினைச்சாலே மனசு கனக்குது. 1968-ல முழங்கைல பட்ட அடி, வருஷங்கள் போகப்போக அந்த வலது கை விரல்கள் சரியா வேலை செய்யல, கோல்ஃப் மட்டையைக்கூட கையோட சேர்த்துக் கட்டித்தான் ஆடினாரு. 2002 செப்டம்பர்ல 69 வயசுல இறந்துட்டாரு.