ஒன்பதாம் நாளில் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 47. திருத்துறைப்பூண்டி அருகே குத்தகை நிலத்தில் சாகுபடி செய்கிறோம். மூன்று மாதமாக அவருக்குத் தூக்கமில்லை, யாரிடமும் பேச்சில்லை. விடியுமுன் நெஞ்சு படபடக்கிறது என்று எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். மனநல மருத்துவர் எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒன்பது நாள் ஆகிறது. குமட்டலும் பேதியும்தான் மிச்சம். படபடப்பு முன்னைவிடக் கூடியிருக்கிறது. மருந்துக்கடைக்காரர், “உடம்புக்குச் சூடு, நிறுத்திவிடுங்கள்” என்கிறார். நிறுத்திவிடலாமா? ரத்தத்தில் செரோடோனின் அளவு பார்க்க வேண்டுமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். அளவைக் குறைத்து மெல்ல ஏற்றுவதா, படபடப்புக்குச் சில நாள் மட்டும் வேறொரு மாத்திரை சேர்ப்பதா என்று அவர் முடிவு செய்வார்.

இது சூடு இல்லை. செரோடோனின் என்பது நரம்புகள் சேதி கடத்தப் பயன்படுத்தும் ஒரு ரசாயனம். உடம்பிலுள்ள செரோடோனினில் சுமார் 90 சதவீதம் இருப்பது குடலில். நரம்பு வெளியே விட்ட செரோடோனினை மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு பம்பு உண்டு. எஸ்சிடலோபிராம் அதை அடைக்கிறது. மூளையில் உள்ள பம்பு, குடலில் உள்ள பம்பு என்று அது பேதம் பார்ப்பதில்லை. வெளியே தேங்கும் செரோடோனின் எந்த ஏற்பியில் (செல்லின் மேல் அது வந்து ஒட்டும் இடம்) போய் ஒட்டுகிறது என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம். ஏற்பிகளில் 14 வகை இருக்கின்றன. 5-எச்டி3 என்ற வகை தூண்டப்பட்டால் குமட்டும். புற்றுநோய் சிகிச்சையில் வாந்தியை நிறுத்தத் தரும் ஆன்டன்செட்ரான் அடைப்பது இதே ஏற்பியைத்தான். (அதற்காக அதை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு மருந்துமே இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கக்கூடியவை.) சாப்பிட்ட பிறகு மாத்திரை போட்டாலே பலருக்குக் குமட்டல் தணியும், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும்.

தொல்லை முதல் வாரமே வருகிறது, குணம் ஏன் வரவில்லை? உங்கள் ஊர் வாய்க்காலை வைத்தே சொல்கிறேன். செரோடோனின் நரம்புகளுக்குத் தலைமதகு மூளைத்தண்டில் இருக்கிறது. அங்கே 5-எச்டி1ஏ என்ற ஏற்பி, மதகைத் திறந்து மூடும் லஸ்கர் மாதிரி, மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மாத்திரையால் மட்டம் ஏறியதும் தண்ணீர் மிஞ்சிவிட்டது என்று எண்ணி ஷட்டரை இறக்கிவிடும். கடைமடைக்கு வரும் தண்ணீர் முன்னைவிட அதிகம் கூடுவதில்லை. இரண்டு மூன்று வாரம் மட்டம் அப்படியே நின்றால்தான் லஸ்கருக்கு அது பழகி, ஷட்டர் உயரும். இது ஒரு காரணம். நரம்புகள் தங்கள் இணைப்புகளைத் திருத்திக்கொள்ளவும் நாள் பிடிக்கிறது. மேட்டூரை ஜூன் 12 திறந்தார்கள் என்று மறுநாளே வேதாரண்யம் பக்கம் நாற்று விடுவோமா? நான்கு முதல் ஆறு வாரம் கொடுத்த பிறகே இந்த மருந்து கேட்கிறதா என்று மருத்துவரால் தீர்ப்புச் சொல்ல முடியும்.

ரத்தப் பரிசோதனைக்குக் காசு செலவழிக்காதீர்கள். அது காட்டுவது ரத்தத் தட்டணுக்களில் உள்ள செரோடோனினை. மூளையில் உள்ளதை அதை வைத்து அறிய முடியாது. “செரோடோனின் குறைந்ததால்தான் மனச்சோர்வு” என்று எங்கள் துறையினரே பல காலம் எளிமைப்படுத்திச் சொல்லிவிட்டோம். அதற்கு உறுதியான சான்று இல்லை. மருந்து பலருக்கு வேலை செய்கிறது என்பதற்கு இருக்கிறது. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் கேட்கிறது என்பதற்காக, பாரசிட்டமால் குறைவால் காய்ச்சல் வந்தது என்று யாரும் சொல்வதில்லையே.

இடுப்பு வலிக்கு டிராமடால், இருமலுக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் கலந்த சிரப் இவற்றைக் கடையில் கேட்டு வாங்க வேண்டாம். இந்த மாத்திரையோடு சேர்ந்தால் செரோடோனின் அளவுக்கு மீறி, நடுக்கம், காய்ச்சல், குழப்பம் வரை போகலாம். சாராயமும் ஆகாது. எஸ்சிடலோபிராம் மயக்க மாத்திரைகளைப் போல அடிமையாக்காது. ஆனாலும் திடீரென்று விட்டால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர்ந்து, பிறகு படிப்படியாகக் குறைப்பதே வழக்கம்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை, ஆனால் நான் கேட்டாக வேண்டும். பூச்சிமருந்து டப்பாக்கள் வீட்டில் எங்கே இருக்கின்றன? மோட்டார் கொட்டகை மாடத்திலா, கட்டிலுக்கடியிலா? மருந்தின் முதல் வாரங்களில் உள்ளே பரபரப்பு ஏறும் சிலருக்கு விபரீத எண்ணம் வரலாம். அது வரும் நேரத்தில் டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. இன்று பொழுது சாய்வதற்குள் உங்கள் அண்ணன் வீட்டிலோ அடுத்த தெருவிலோ கொடுத்துப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று அவரிடமே நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றாலோ, இரவெல்லாம் உட்கார முடியாமல் உலவினாலோ, தனியே விடாமல் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.