சாதிச் சான்றும் கல்லூரி இடமும்: வேலூர் வழக்கறிஞர் பதில்கள்

ஐயா, நாங்க பீஞ்சமந்தை மலைக்கிராமம். மலையாளிங்கிற பழங்குடி, கேரளாக்காரங்க இல்லை. மகளுக்கு எஸ்.டி. சான்று வாங்கி காலேஜ்ல சேர்த்தாச்சு. யாரோ மொட்டைக் கடிதாசி போட்டுட்டாங்க. விசாரணைன்னு நோட்டீஸ் வந்திருக்கு. சீட்டு போயிடுமா?

நோட்டீஸ் வந்ததாலேயே சீட்டு போகாதுங்க. சான்று பொய்யா மெய்யா என்று கல்லூரி முதல்வர் தானாக முடிவெடுக்க முடியாது; அது ஆய்வுக் குழுவின் வேலை. 1994ல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழிமுறை வகுத்தது. அதுவும் மருத்துவக் கல்லூரி இடத்தில் முளைத்த வழக்குதான். விழிப்புப் பணிப் பிரிவு சொந்த ஊருக்கே வந்து விசாரிக்கும். அதன் அறிக்கை பாதகமாக இருந்தால் அதன் நகலை உங்களிடம் கொடுத்து, பதில் சொல்ல அவகாசமும் தரவேண்டும். தராமல் சான்றை ரத்து செய்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம்.

பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்திலேயே வடஆற்காடு என்று மாவட்டப் பெயர் இருக்கிறது. 1976ல் இருந்த எல்லைதான் கணக்கு. பிறகு மாவட்டம் எத்தனையாகப் பிரிந்தாலும் உங்கள் உரிமை போகாது. உங்கள் அப்பா, தாத்தா படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, பழைய நிலப் பத்திரம், பிறப்பு இறப்புப் பதிவு எல்லாவற்றையும் தேடி எடுங்கள். சுதந்திரத்துக்கு முந்தைய தாள் ஒன்று கிடைத்தாலும் அதற்குத் தனி மதிப்பு உண்டு. குலதெய்வம், கல்யாணச் சடங்கு பற்றிக் கேட்பார்கள். மகளுக்கு எல்லாம் தெரிந்திருக்காது, விடுதியில் வளர்ந்த பிள்ளை. அதை மட்டும் வைத்து மறுக்கக் கூடாது என்று 2023லும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பயப்படாமல் போய் நில்லுங்கள்.

அப்பாவுக்கு 1985ல தாசில்தார் கொடுத்த எஸ்.டி. சான்று இருக்கு. ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) கொடுத்தாத்தான் செல்லும்னு திருப்பி அனுப்பிட்டாங்க, சார்.

11.11.1989க்கு முன் தாசில்தார் கொடுத்தது செல்லும். 1997ல் ஆர். கந்தசாமி வழக்கின் தீர்ப்பு அது. தீர்ப்பு நகலை இணைத்து மறுபடி மனு கொடுங்கள்.

சித்தூரிலிருந்து வந்து காட்பாடியில் பத்து வருஷமா இருக்கோம். ஆந்திராவில் எஸ்.சி. இங்கே பையனுக்கு அந்த இடம் கிடைக்குமா?

கிடைக்காது. 1990ல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்த விஷயம். இங்கே சான்று வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒதுங்குங்கள்.

பொய்ச் சான்றில் எம்.பி.பி.எஸ். முடித்தவரின் பட்டம் நிற்குமா?

2000ல் மிலிந்த் வழக்கில் பல ஆண்டுகள் ஓடிவிட்டதால் பட்டத்தைத் தொடாமல் விட்டார்கள், இனி எஸ்.டி. சலுகை கிடையாது என்றார்கள். 2017ல் பாஹிரா வழக்கில் மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்து, ஏமாற்றும் நோக்கம் இல்லாவிட்டாலும் பெற்ற பயன் போகும் என்றார்கள். அதனால் மிலிந்தை நம்பி யாரும் இறங்க வேண்டாம். பதினேழு வயதில் பெற்றோர் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்ட பிள்ளைக்காக மனம் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒரு சதவீதம், நூறு இடத்துக்கு ஒன்று. அந்த ஒன்றைப் பறிகொடுத்த மலைக்கிராமத்துப் பிள்ளையைத்தான் நான் முதலில் நினைக்கிறேன்.

பி.சி. பெண், எஸ்.சி. குடும்பத்தில் கல்யாணம். அந்தச் சலுகையில் மேற்படிப்பு சேரலாமா, அண்ணா?

முடியாதும்மா. கல்யாணத்தால் சாதி மாறாது. வல்சம்மா பால் வழக்கு, 1996. குழந்தையின் நிலை வேறு. எந்தச் சூழலில் வளர்ந்தது என்று பார்ப்பார்கள்.

கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒருத்தர் பணம் கொடுத்தா சான்று ரெடின்றார். அசல் டி.சி., மார்க் ஷீட்டெல்லாம் வாங்கி வெச்சிருக்கார்.

அது போலி. சான்றின் எண்ணைப் போட்டு யார் வேண்டுமானாலும் இணையத்தில் சரிபார்க்கலாம். முதல் நாளே பிடிபடும். போலி என்று தெரிந்தே காட்டுவதும் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 340ஆம் பிரிவின் கீழ் குற்றம். அவரைத் தேடித் தனியாகப் போகாதீர்கள், தம்பி. வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் அசலை இன்றைக்கே வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் நேராகக் காவல் நிலையம்.