மாஸ்டர் சிடி: எந்த முறை, எந்த வேகம்?

கேள்வி: எங்கள் இசைக்குழுவின் 9 பாடல்களைப் பிரதி எடுக்க ஆலைக்கு மாஸ்டர் சிடி அனுப்ப வேண்டும். மென்பொருளில் ‘ட்ராக் அட் ஒன்ஸ்’, ‘டிஸ்க் அட் ஒன்ஸ்’ என இரண்டு முறைகள் உள்ளன. எதைத் தேர்வது? வேகம் எவ்வளவு வைப்பது?

பதில்: கண்ணை மூடிக்கொண்டு ‘டிஸ்க் அட் ஒன்ஸ்’ வையுங்கள். லேசர் நிற்காமல் முழு வட்டையும் ஒரே மூச்சில் எழுதும். மற்ற முறையில் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் லேசர் அணைந்து மறுபடி எரியும். அந்த ஒட்டுகளை ஆலைக் கருவி பிழையாகப் படித்து, சிடியையே நிராகரிக்கக்கூடும். பாட்டுகளுக்கு நடுவே 2 விநாடி மௌனமும் விழும். கைதட்டலோடு அடுத்த பாட்டுக்குப் போகும் கச்சேரிப் பதிவென்றால் கேட்கவே சகிக்காது.

அப்படித் தொடரும் பாடல்களைத் தனித்தனி கோப்பாக வெட்டுகிறீர்களா? 588 சாம்பிள்களின் (டிஜிட்டல் ஒலியின் மிகச் சிறிய துளிகள்) மடங்கில் வெட்டுங்கள். சிடியின் ஒரு ஃபிரேம் அவ்வளவுதான், விநாடிக்கு 75 ஃபிரேம். மடங்கு தவறினால் மிச்ச இடத்தை மென்பொருள் மௌனத்தால் நிரப்பும். ‘டிக்’ என்று கேட்கும்.

கோப்பு 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் (WAV). 24 பிட்டிலிருந்து இறக்கும்போது, கடைசியாக ஒரே ஒருமுறை டிதர் (பிட் குறைவதால் வரும் சிதைவை மறைக்கும் மெல்லிய இரைச்சல்) போடுங்கள். எம்பி3 வேண்டவே வேண்டாம்.

மெதுவாக எழுதினால் நல்லது என்பது பழைய கதை. இன்றைய வட்டுகளுக்கு 8 அல்லது 16 மடங்கு வேகம் பெரும்பாலும் பொருந்தும். எழுதியபின் பிழைச் சோதனை செய்யுங்கள்: சி2 பிழை (வட்டைப் படிக்கையில் வரும் கடுமையான பிழை) ஒன்று இருந்தாலும் வேறு வட்டு. மேலே ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள்.