பூ பூவாகத்தான் தெரிகிறது

கேள்வி: எனக்கு வயது 58. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, படுத்த படுக்கையாக இருக்கும் என் அம்மாவைக் கவனித்துக்கொண்டு வீட்டோடு இருக்கிறேன். ஒரு காலத்தில் நீர்வண்ண ஓவியங்கள் வரைவேன். இப்போது தூரிகையை எடுத்தால் எதுவுமே தோன்றவில்லை. தோட்டத்தைப் பார், இயற்கையை ரசி, சின்னச் சின்ன விஷயங்களில் மகிழ்ச்சி இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். பால்கனியில் நான்கு தொட்டிகள் இருக்கின்றன. பத்து நிமிடம் உற்றுப் பார்த்தாலும் பூ பூவாகத்தான் தெரிகிறது. ரசனையே செத்துவிட்டதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ரசனை செத்துப்போனவர், பூ பூவாகத்தான் தெரிகிறது என்று வருந்தி ஒரு கடிதம் எழுதமாட்டார். முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

நோயாளியைப் பார்த்துக்கொள்பவரின் காது ஒன்று எப்போதும் அடுத்த அறைப் பக்கமே திரும்பியிருக்கும். மருந்து வேளை, இருமல் சத்தம், புரட்டிப் படுக்க வைக்க வேண்டிய நேரம் என்று நாள் முழுவதும் மனத்தைப் பிடித்து நிறுத்தியே பழகியவர் நீங்கள். இப்படி முயன்று செலுத்தும் கவனம் தசையைப் போலவே களைத்துப்போகும் என்றும், அசையும் இலையும் நகரும் மேகமும் தாமாகவே கண்ணை ஈர்க்கும்போது அது ஓய்வு பெறும் என்றும் அமெரிக்க உளவியலாளர்களான ரேச்சல் கப்லான், ஸ்டீவன் கப்லான் தம்பதியர் 1980-களில் விளக்கினார்கள். நீங்களோ பால்கனியில் உட்காரும் அந்தப் பத்து நிமிடத்தையும் ஒரு கடமையாக்கிவிட்டீர்கள். இன்று ஏதாவது தோன்றியாக வேண்டும் என்று காத்திருந்தால், களைத்த கவனத்துக்கே மறுபடியும் வேலை கொடுத்ததாகிவிடும்.

இதனோடு ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. ஓவியத்தில் மட்டுமல்லாமல் எதிலுமே நாட்டமின்றி, தூக்கமும் பசியும் மாறிப்போய், இந்நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அது செடி கொடிகளால் மட்டும் தீரும் காரியமன்று.

இனி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அழகானதைப் பார்த்தால் உள்ளத்தில் ஏதோ ஊறும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என் அனுபவத்தில் அழகு அவ்வளவு சீக்கிரம் வாய் திறப்பதில்லை. ஏதேனும் ஒன்றை, ஒரு சிறு கேள்வியோடு, நாள் கணக்கில் பின்தொடரும்போதுதான் மனம் மெல்ல விழித்துக்கொள்கிறது. சார்லஸ் டார்வின் நோயினால் அறையை விட்டு வெளியேற முடியாமல் இருந்த காலத்தில், ஹாப் என்னும் படர்கொடி ஒன்றைத் தொட்டியோடு தம் அறையில் வைத்துக்கொண்டு இரவும் பகலும் கவனித்தார். பற்றுக்கோலைத் தேடி அதன் நுனி காற்றில் வட்டமிடுவதைக் கண்டு, ஒரு வட்டத்துக்கு எவ்வளவு நேரமாகிறது என்று கணக்கெடுத்தார். வெப்பமான நாட்களில், பகல் வேளையில், சராசரியாக 2 மணி 8 நிமிடம். படர்கொடிகளைப் பற்றி 1865-இல் வெளியான அவருடைய ஆய்வுக்கு, வெளியே போகத் தடைப்பட்டிருந்த அந்த அறையும் ஒரு களமாக இருந்தது. அவர் கேட்டதெல்லாம், இந்த நுனி எந்தப் பக்கம் போகிறது, எப்போது திரும்பி வருகிறது என்பதைத்தான்.

என் தந்தை நோயுற்றிருந்த ஆண்டில் நானும் சன்னலோரம் ஒரு வெள்ளரிக்கொடி வைத்திருந்தேன். காலையில் கொடியின் பற்றுக்கம்பி நேராக, நுனி மட்டும் சற்றே வளைந்து, நான் கட்டியிருந்த நூலுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. மாலையில் பார்த்தபோது நூலை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. அடுத்த சில நாட்களில், நூலுக்கும் தண்டுக்கும் இடையில் நேராக இருந்த பகுதி பழைய தொலைபேசியின் சுருள் கம்பியைப் போலச் சுருண்டு, தண்டையே நூலை நோக்கி இழுத்துக்கொண்டது. நான் வியந்துபோனது அதற்கடுத்து. அந்தச் சுருளின் பாதி ஒரு திசையிலும் மறுபாதி எதிர்த்திசையிலும் முறுக்கியிருந்தன. நடுவில், திசை மாறும் இடத்தில், மட்டும் ஒரு சிறு துண்டு நேராக நின்றது. இரண்டு முனைகளும் பிடிபட்டுவிட்ட ஒன்று ஒரே பக்கமாகச் சுருள முடியாது, ஒரு பக்கத்து முறுக்கை மறுபக்கம் ஈடுசெய்தாக வேண்டும் என்ற காரணம் எனக்குப் பின்னர்தான் புரிந்தது. ஆனால் அந்தச் சிறு நேர்த்துண்டைக் கண்ட நாளில், பல மாதங்களுக்குப் பிறகு, யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்ற துடிப்பு எனக்கு வந்தது. நீங்கள் தேடுவது அந்தத் துடிப்பைத்தான் என்று நினைக்கிறேன்.

ஆகவே நான்கு தொட்டிகளையும் ரசிக்க முயலாதீர்கள். ஒரு வெள்ளரி விதையை, ஓரடி ஆழமுள்ள தொட்டியில், அரை அங்குலம் மண்ணுக்குள் ஊன்றி, நல்ல வெயில் விழும் சன்னலருகே வையுங்கள். அது உங்கள் அம்மாவின் அறைச் சன்னலாக இருந்தால் மிகவும் நல்லது. ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர், பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற 46 நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 1984-இல் எழுதினார். சன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறைகளில் இருந்தவர்கள், செங்கல் சுவர் மட்டுமே தெரிந்த அறைகளில் இருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 46 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஒரு கொடி உங்கள் அம்மாவைக் குணமாக்கும் என்று நான் சொல்லவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அசையும் பச்சை ஒன்று கண்ணில் படட்டும் என்றுதான் சொல்கிறேன்.

தூரிகையை இப்போதைக்குத் தொடவேண்டாம். நாட்காட்டியின் ஓரத்தில் பென்சிலால் நேரத்தையும் கண்டதையும் ஒரே வரியில் குறியுங்கள்: முளை தலைநீட்டியது, விதையிலை விரிந்தது, முதல் பற்றுக்கம்பி எந்த இலைக்கு அருகில் வந்தது. சொல்லால் குறிக்க முடியாமல் கை தானாகவே ஒரு கோடு இழுக்கும் நாள் வரும். அன்று வண்ணப்பெட்டியைத் திறந்துகொள்ளலாம். வராத நாட்களுக்காக உங்களை நீங்களே கடிந்துகொள்ளாதீர்கள்.

கொடி ஏறுவதற்கு மெல்லிய கயிறு ஒன்றை, அம்மா படுத்தபடியே பார்க்கக்கூடிய உயரத்தில் கட்டுங்கள். நீங்கள் சமையலறையில் இருக்கும்போதுதான் பற்றுக்கம்பி கயிற்றைத் தொடும். அது எத்தனை மணிக்கு என்பதை அவரால்தான் சொல்ல முடியும். அவர் சொன்ன நேரத்தை எனக்கும் எழுதுங்கள்.