ஆன்லைன் ஏலம்: வாங்குபவர்களும் விற்பவர்களும் கேட்டவை

பழைய கேமரா, லென்ஸ், ரேடியோ என்று ஆன்லைன் ஏலத்தில் நெடுநாளாக வாங்கியும் விற்றும் வருகிறேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் பார்த்தவரை ஆட்கள் பணத்தை விடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான். ஒன்று, ஏலம் முடியப்போகும் கடைசி நிமிடங்களில். இன்னொன்று, தளத்தை விட்டு வெளியே போய்ப் பேரம் பேசும்போது. கீழே உள்ள பதில்களில் பாதி இந்த இரண்டைச் சுற்றியே வரும்.

கேள்வி: சார், மூன்று நாளாக நான்தான் முன்னிலையில் இருந்தேன். முடிய ஐந்து நொடி இருக்கும்போது யாரோ வந்து என்னைவிடப் பத்து ரூபாய் கூடக் கேட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். இது நியாயமா?

அவர் பத்து ரூபாய்தான் கூடக் கேட்டார் என்று எப்படித் தெரியும்? ஈபே போன்ற தளங்களில் நீங்கள் கொடுப்பது உங்கள் உச்சவரம்பு. அதை யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது மட்டும் உங்கள் சார்பில் தளமே படிப்படியாக ஏற்றிக் கேட்கும். உங்கள் வரம்பு 500, அவர் வரம்பு 900, ஒரு படி 10 என்றால் ஏலம் 510-இல் முடியும். திரையில் 510-ஐப் பார்த்துவிட்டு 'பத்தில் கோட்டை விட்டேனே' என்று வருந்துகிறோம். உண்மையில் நீங்கள் 890 கேட்டிருந்தாலும் பொருள் அவருக்குத்தான் போயிருக்கும்.

ஜெயித்தவர் தன் வரம்பைக் கொடுப்பதில்லை, இரண்டாவதாக வந்தவரின் தொகையை ஒட்டியே கொடுக்கிறார் என்பதுதான் இந்த முறையின் அடிப்படை. வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் 1961-இல் எழுதிய கட்டுரையில் இதை அலசியிருக்கிறார். 1996-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். இப்படிப்பட்ட ஏலத்தில் உங்களுக்கு அந்தப் பொருள் எவ்வளவு பெறுமோ அதை அப்படியே கேட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று அவர் காட்டினார். குறைத்துக் கேட்டால் உங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையிலேயே பொருளை இழப்பீர்கள். கூட்டிக் கேட்டால், ஒருவேளை பெறுமானத்துக்கு மேல் கொடுக்க வேண்டி வரும்.

அப்படியென்றால் கடைசி நொடி வரை ஏன் காத்திருக்கிறார்கள்? முன்கூட்டியே கேட்டால் மற்றவர்களுக்குச் சூடு ஏறும். 'யாரோ நம்மைத் தாண்டிவிட்டார்' என்ற செய்தி வந்ததும் மனிதர்கள் திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் ஏற்றுவார்கள். கடைசியில் கேட்டால் அதற்கு நேரமிருக்காது. ஆல்வின் ரோத், ஆக்சல் ஓக்கன்ஃபெல்ஸ் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் ஈபேயையும் அன்று அமேசான் நடத்திய ஏலத்தையும் ஒப்பிட்டார்கள். ஈபேயில் குறித்த நொடியில் கதவு மூடிவிடும். அமேசானில் கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் முடிவு நேரம் தானாக நீளும். கடைசி நேர மோதல் ஈபேயில்தான் மிக அதிகம் என்று கண்டார்கள். ஆக, கேட்பதற்கு முன் அந்தத் தளம் நேரத்தை நீட்டுமா, நீட்டாதா என்று விதியைப் படித்துவிடுங்கள்.

என் வழி இதுதான்: அமைதியாக இருக்கும்போது ஒரு தொகையை முடிவு செய்து எழுதி வைத்துக்கொள்வேன். முடியும் தறுவாயில் ஒரே முறை அதைப் போடுவேன். யாராவது தாண்டினால் அவருக்குப் போகட்டும். அந்த எண்ணைத் திருத்துவதே இல்லை.

கேள்வி: அந்த ஒரு தொகையை எப்படி முடிவு செய்வது, அண்ணா?

விற்பனைக்குப் போட்டிருக்கும் விலைகளைப் பார்க்காதீர்கள். யார் வேண்டுமானாலும் எந்த விலையும் போடலாம். விற்று முடிந்தவை மட்டும் காட்டும்படி தேடலாம், அந்த விலைகள்தான் உண்மை. அதே மாடல், அதே நிலையில் உள்ளவை நாலைந்து பார்த்தால் நிலவரம் புரிந்துவிடும். அப்புறம் அஞ்சல் செலவு, வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்க வரி, பணம் மாற்றும் கட்டணம் எல்லாவற்றையும் முதலிலேயே கழித்துவிடுங்கள். பொருளின் விலை மலிவாகவும் அனுப்பும் செலவு அநியாயமாகவும் வைத்திருப்பவர்கள் உண்டு.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். 1971-இல் கேப்பன், கிளாப், கேம்ப்பெல் என்ற மூன்று எண்ணெய் நிறுவனப் பொறியாளர்கள், எண்ணெய் வயல்களுக்கான ஏலங்களை ஆராய்ந்து எழுதினார்கள். ஒரு வயலில் எவ்வளவு எண்ணெய் இருக்கும் என்று ஒவ்வொரு நிறுவனமும் மதிப்பிடுகிறது. யாருடைய மதிப்பீடு எல்லாரையும்விட அதிகமாக இருக்கிறதோ அவருக்கு வயல் கிடைக்கிறது. அதாவது அதிகம் தப்பாகக் கணித்தவருக்கே கிடைக்கும் வாய்ப்பு அதிகம். நேரில் பார்க்காத பழைய பொருளும் அப்படித்தான். இருபது பேர் ஒதுங்கிய விலையில் நீங்கள் மட்டும் நிற்கிறீர்கள் என்றால், அவர்கள் கவனித்த ஏதோ ஒன்றை நீங்கள் கவனிக்கவில்லையோ என்று யோசிக்க வேண்டும். நிலை தெளிவாகத் தெரியாத பொருளுக்கு என் தொகையை நன்றாகவே இறக்கிவிடுவேன்.

கேள்வி: 'சோதிக்கவில்லை, உள்ளபடி விற்கிறேன்' என்று ஒரு பழைய லென்ஸ் மலிவாக ஓடுகிறது. கேட்கலாமா?

பழுதானது என்று வைத்துக்கொண்டு கேளுங்கள். லென்ஸை ஒரு கேமராவில் மாட்டி நாலு படம் எடுக்க ஐந்து நிமிடம் போதும். விற்பவருக்கு அது முடியவில்லை என்றால், பெரும்பாலும் முடிவு தெரிந்துதான் அப்படி எழுதியிருப்பார். பூட்டிக் கிடந்த வீட்டிலிருந்து மொத்தமாக வாங்கி விற்பவர் என்றால் ஒருவேளை உண்மையாகவும் இருக்கலாம். அவருடைய மற்ற பொருட்களைப் பாருங்கள். பாத்திரம், பொம்மை, கடிகாரம் என்று கலந்து இருந்தால் அவர் சொல்வதை நம்பலாம். பத்து லென்ஸ் விற்பவருக்கு மட்டும் சோதிக்கத் தெரியாது என்றால் நம்பாதீர்கள்.

படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாமே முன்பக்கத்திலிருந்து, வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும்படி எடுத்திருந்தால் உள்ளே இருப்பது தெரியாது. பின்பக்கமாக ஒரு டார்ச் அடித்து, முன்னாலிருந்து எடுத்த படம் ஒன்று கேளுங்கள். பூஞ்சை இருந்தால் சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் தெரியும். மூட்டமாக வெள்ளை படிந்திருந்தால் அதுவும் தெரியும். அப்புறம் உள்ளே வெளிச்சத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் துளை இதழ்களை மூடி ஒரு படம். இதழ்களில் எண்ணெய் மினுமினுத்தால் அவை ஒட்டிக்கொண்டு மெதுவாக அசையும். வரிசை எண் தெளிவாகத் தெரியும் படமும் வேண்டும். கேட்டும் அனுப்பாவிட்டால் விட்டுவிடுங்கள், அதே லென்ஸ் இன்னொரு நாள் வரும்.

கேள்வி: விற்பவரே வேறு கணக்கில் வந்து விலையை ஏற்றிவிடுகிறார் என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆள் வைத்துக் கேட்கும் வேலை ஏலம் தோன்றிய நாளிலிருந்தே இருக்கிறது. 2000-இல் ஈபேயில் ஓர் ஓவியம் ஏலத்துக்கு வந்தது. அதைப் பற்றி எதுவும் தெரியாதவர் போல விற்பவர் 25 சென்ட்டில் ஆரம்பித்தார். ஆனால் படத்தின் ஓரத்தில் ரிச்சர்ட் டீபன்கார்ன் என்ற பெயர்பெற்ற ஓவியரை நினைவூட்டும் எழுத்துகள் தெரிந்தன. விலை 1,35,805 டாலர் வரை போனது. பிறகு பார்த்தால் விற்பவரும் கூட்டாளிகளும் ஒருவர் பொருளுக்கு இன்னொருவர் விலை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். விற்பனை ரத்தானது, வழக்கும் நடந்தது.

அறிகுறிகள் சில உண்டு. அந்த ஏலத்தில் யார், எப்போது, எவ்வளவு கேட்டார்கள் என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒரே விற்பவரின் பொருட்களுக்கு மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒருமுறைகூட எடுக்காத கணக்கா? உங்கள் வரம்பு எங்கே என்று தட்டிப் பார்ப்பதுபோல் சிறிது சிறிதாக ஏற்றி, உங்களைத் தாண்டியதும் 'தவறாகப் போட்டுவிட்டேன்' என்று திரும்பப் பெறுகிறதா? தளத்தில் புகார் கொடுங்கள். அதைவிடப் பெரிய பாதுகாப்பு, முன்பே சொன்ன கடைசி நேர ஒரே தொகைதான். உங்கள் வரம்பைத் தட்டிப் பார்க்க அவருக்கு நேரமே கிடைக்காது.

கேள்வி: ஏலத்தில் தோற்ற பிறகு விற்பவர் மின்னஞ்சலில், 'எடுத்தவர் பணம் கட்டவில்லை, நேரடியாக அனுப்பினால் உங்களுக்கே தருகிறேன்' என்கிறார்.

தயவுசெய்து வேண்டாம். அப்படி எழுதுபவர் விற்பவராகவே இல்லாமலும் இருக்கலாம். இரண்டாவது வாய்ப்பு கொடுக்க ஈபேயில் முறையான வசதி இருக்கிறது, உண்மையென்றால் உங்கள் கணக்குக்குள்ளேயே தெரியும். வெளியே பணம் போனால் தளத்தின் பாதுகாப்பு எதுவும் கிடையாது. பேபால் என்ற ஆன்லைன் பணம் அனுப்பும் சேவையில் 'நண்பர்கள், குடும்பத்தினர்' என்ற வகையில் அனுப்பச் சொன்னாலும் இதே பதில்தான். அந்த வகைக்கு வாங்குபவர் பாதுகாப்பு இல்லை.

கேள்வி: விற்கிறேன். ஆரம்ப விலையைக் குறைவாக வைப்பதா, வேண்டிய விலையையே வைப்பதா?

பலரும் தேடும் பொருளா என்பதைப் பொறுத்தது. தேடும் ஆட்கள் நிறைய இருந்தால் குறைவாக ஆரம்பியுங்கள். சிலர் விளையாட்டாகக் கேட்டு உள்ளே வருவார்கள். ஒருமுறை கேட்டுவிட்டால் விட மனம் வராது, ஆட்கள் கூடியிருப்பதைப் பார்த்து இன்னும் சிலர் வருவார்கள். குறைந்த தொடக்கம் உயர்ந்த முடிவுக்குக் கொண்டுபோகும் என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஆனால் அது ஆட்கள் வந்தால்தான். உலகத்தில் நாலு பேர் மட்டும் தேடும் ஒரு ரேடியோ உதிரி பாகத்தை அடிமாட்டு விலையில் தொடங்கினால், ஒருவர் மட்டும் வந்து அந்த விலைக்கே எடுத்துக்கொண்டு போவார். அதற்கெல்லாம் இதற்குக் கீழே தரமாட்டேன் என்ற விலையிலேயே ஆரம்பியுங்கள்.

வாங்குபவர்கள் வேலையில் இருக்கும் நேரத்திலோ நடுராத்திரியிலோ ஏலம் முடியும்படி வைக்காதீர்கள்.

கேள்வி: நல்ல நிலையில் அனுப்பிய கேமராவை 'வேலை செய்யவில்லை' என்று திருப்பி அனுப்பினார். பிரித்தால் அதே மாடல், ஆனால் உடைந்த வேறொரு கேமரா. என்ன செய்வது, ஐயா?

விற்பவர்களுக்கு நடப்பதில் மிகவும் வயிறெரிய வைப்பது இது. தன்னிடம் கெட்டுப்போனதைத் தள்ளிவிட்டு நல்லதை இலவசமாக வைத்துக்கொள்ளும் வேலை. உங்கள் விற்பனைப் படத்தில் வரிசை எண் இருந்தால், வந்த கேமராவின் எண்ணோடு சேர்த்து இன்றே தளத்துக்குப் புகார் கொடுங்கள். அவருடன் செய்தியில் சண்டை போடாதீர்கள். எண்கள் வேறு என்று மட்டும் எழுதுங்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

இனி அனுப்பும்போது நான் செய்வதைச் செய்து பாருங்கள். வரிசை எண்ணை விளம்பரத்திலேயே காட்டிவிடுவேன், மாற்றி அனுப்ப நினைப்பவர் அப்போதே ஒதுங்கிவிடுவார். எண் இல்லாத பொருள் என்றால் அதிலுள்ள ஒரு கீறலை, தேய்ந்த மூலையைக் கிட்டத்தில் படம் எடுத்து வைப்பேன். பெட்டியில் வைத்து டேப் ஒட்டி, முகவரிச் சீட்டு ஒட்டும்வரை ஒரே வீடியோ, இடையில் வெட்டக் கூடாது. பார்சலின் எடை ரசீதில் அச்சாகி வரும்படி பார்த்துக்கொள்வேன். காலிப் பெட்டி வந்தது என்று யாராவது சொன்னால் அந்த எடைதான் சாட்சி. டிராக்கிங் இல்லாமல் எதையும் அனுப்ப மாட்டேன். திரும்பி வரும் பார்சலையும் பிரிக்கத் தொடங்கும்போதே கேமரா ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

கேள்வி: வாங்கியவர் தவறுதலாக அதிகப் பணம் அனுப்பிவிட்டாராம். மீதியைத் தன் போக்குவரத்து ஏஜெண்டுக்கு அனுப்பச் சொல்கிறார்.

மோசடி. அவர் அனுப்பிய பணம் பின்னால் திரும்பிப் போய்விடும், நீங்கள் ஏஜெண்டுக்கு அனுப்பியது போனது போனதுதான். பொருளையும் அனுப்பாதீர்கள்.

கேள்வி: பணம் கட்டாமல் இழுத்தடித்தவர், எனக்கே மோசமான மதிப்பீடு போட்டிருக்கிறார். நானும் அவருக்குப் போடலாமா?

ஈபேயில் 2008 முதல் விற்பவர்கள் வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்பீடு கொடுக்க முடியாது. முன்பு பழிக்குப் பழி அதிகம் இருந்ததால், பயந்துகொண்டு யாரும் உண்மையை எழுதாமல் இருந்தார்கள். உங்களுக்கு வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த மாற்றம் சரி என்றே நினைக்கிறேன். பணம் கட்டவில்லை என்பதை முறைப்படி பதிவு செய்யுங்கள், அந்த மதிப்பீட்டை நீக்கச் சொல்லிக் கேட்க அதுவே ஆதாரம். அவரை உங்கள் ஏலங்களில் கேட்க முடியாதபடி தடுத்தும் விடலாம்.

கேள்வி: உடைந்த பொருள் வந்தது. புகார் கொடுத்தேன். 'புகாரை மூடுங்கள், உடனே பணம் தருகிறேன்' என்கிறார் விற்பவர். நல்லவராகத்தான் தெரிகிறார்.

நல்லவராகவே இருக்கட்டும். பணம் உங்கள் கணக்குக்கு வந்த பிறகு மூடுங்கள். புகார் திறந்திருக்கும்போதே அவரால் பணத்தைத் திருப்பித் தர முடியும், அதற்காக மூடத் தேவையில்லை. மூடிய புகாரை பேபாலில் மறுபடி திறக்க முடியாது. 'இரண்டு வாரம் பொறுங்கள்' என்று கேட்டாலும் கெடு தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈபேயில் பொதுவாகப் பொருள் வந்ததிலிருந்து 30 நாளுக்குள், பேபாலில் பணம் கட்டிய 180 நாளுக்குள் புகாரைப் பதிவு செய்தாக வேண்டும். உடைந்த பொருளையும் அது வந்த பெட்டியையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் வரும்வரை இரண்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.