கண்டிப்பா, கனிவா? வகுப்பில் மரியாதை எப்படி வருகிறது?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பணியில் சேர்ந்து இது இரண்டாம் ஆண்டு. சிரித்துப் பேசினால் மாணவர்கள் தலைக்கு மேல் ஏறுகிறார்கள். கண்டிப்பாக இருந்தால் கேள்வி கேட்டாலும் வாய் திறப்பதில்லை. போன வாரம் ஒரு மாணவன் எல்லோர் முன்னிலையிலும் எதிர்த்துப் பேசினான், நானும் கத்திவிட்டேன். அதிலிருந்து வகுப்பே இறுக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த மாணவனைப் பார்ப்போம். இதைத் தள்ளிப்போட்டால் இரு பக்கமும் வீம்பு வளரும்.

அவனிடம் தனியாகப் பேசுங்கள். ஆசிரியர் அறைக்கு மட்டும் அழைக்காதீர்கள். அங்கே ஆளுக்கொரு அறிவுரை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். பாடவேளை முடிந்து மற்றவர்கள் கலையும் நேரத்தில், வகுப்பு வாசலிலேயே இரண்டு நிமிடம் போதும். “அன்று நான் கத்தியிருக்கக் கூடாது. நீ பேசிய விதமும் சரியில்லை. என்ன நடந்தது, சொல்” என்று இதே வரிசையில் சொல்லுங்கள். உங்கள் பங்கை முதலில் சொன்னால் மதிப்புக் குறைந்துவிடுமோ என்று தோன்றும். குறையாது. அவன் தன் பங்கைச் சொல்வதற்கு அதுதான் வழிவிடும். ஆனால் மன்னிப்புக் கேட்கும்படி வற்புறுத்த வேண்டாம். மறுநாள் வகுப்பில் எல்லோரையும் போல அவனிடமும் ஒரு கேள்வி கேளுங்கள். நீங்கள் மனதில் பகை வைத்திருக்கிறீர்களா என்று வகுப்பு முழுவதும் அந்த ஒரு கேள்வியில் பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு முறை இப்படி நடந்தால், அங்கேயே ஜெயிக்க நினைக்காதீர்கள். பதினான்கு வயதில் நண்பர்கள் முன்னால் தலைகுனிவதைவிடத் தண்டனை வாங்குவது எளிது. அதனால்தான் அவன் பின்வாங்க மாட்டான். “இதை வகுப்பு முடிந்ததும் பேசலாம்” என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்காமல் பாடத்துக்குத் திரும்புங்கள்.

அடுத்தது உங்கள் பெரிய கேள்வி. கண்டிப்புக்கும் கனிவுக்கும் நடுவே சரியான அளவு ஒன்றைத் தேடுகிறீர்கள். அப்படி ஓர் அளவு இருப்பதாக நான் நம்பவில்லை. நீங்கள் சிரித்த நாளில் விதியும் தளர்ந்திருக்கும் என்பது என் ஊகம். திங்கட்கிழமை வீட்டுப்பாடம் எழுதாதவனை ‘சரி, போகட்டும்’ என்று விட்டு, வியாழக்கிழமை அதே காரணத்துக்காக இன்னொருவனை வெளியே நிறுத்தினால், பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் படிக்கத் தொடங்குவார்கள். விதிகள் மூன்று நான்கு போதும். மீறினால் என்ன என்பது சிறியதாகவும், உங்களால் ஒவ்வொரு முறையும் செய்ய முடிந்ததாகவும் இருக்கட்டும். அதன் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம்.

ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளை வீடியோவில் பதிவு செய்து ஆராய்ந்து, 1970-இல் முடிவுகளை வெளியிட்டார். குறும்பு நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டித்தார் என்பதை வைத்து நல்ல வகுப்பையும் கலைந்த வகுப்பையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதற்கு முன்னால் ஆசிரியர் செய்தவைதான் வித்தியாசத்தைக் காட்டின: நல்ல வகுப்பின் ஆசிரியருக்கு அறை முழுவதும் கண் இருந்தது, ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு இடைவெளி விடாமல் நகர்த்தினார். கரும்பலகையில் நீண்ட நேரம் முதுகைக் காட்டி எழுதும் பழக்கம் இருந்தால் அதை மாற்றுங்கள். பாதிச் சண்டைகள் அங்கேதான் தொடங்குகின்றன.

வாய் திறப்பதில்லை என்கிறீர்களே, கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, பெரும்பாலான ஆசிரியர்கள் சுமார் 1 நொடிக்கு மேல் பொறுக்கவில்லை என்று கண்டார். 3 நொடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, வழக்கமாக மௌனமாக இருந்தவர்களும் பேசினார்கள். இதில் என்னை உறுத்துவது வேறொன்று: படிப்பில் பின்தங்கியவர் என்று ஆசிரியர் கருதிய பிள்ளைகளுக்குத்தான் குறைவான நேரம் கிடைத்தது. நம்மை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை என்பதை ஒரு பிள்ளை திட்டு வாங்காமலேயே தெரிந்துகொள்கிறது. மூன்று நொடி மௌனம் முதலில் சங்கடமாகத்தான் இருக்கும். மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

நெருக்கம் வளர்க்கத் தனி நேரம் தேவையில்லை. பெயரைச் சரியாக உச்சரிப்பது, விடுப்பு முடிந்து வந்தவனிடம் “உடம்பு தேவலையா?” என்று கேட்பது, நோட்டில் வெறும் ‘நன்று’ போடாமல் “படத்தில் மின்சுற்றைச் சரியாக மூடியிருக்கிறாய், அம்புக்குறியின் திசையை மட்டும் பார்” என்று எழுதுவது, இவை போதும். ‘உன் அக்கா எப்படிப் படித்தாள்!’ போன்ற ஒப்பீடும், குத்தல் பேச்சும் அறவே வேண்டாம். வகுப்பு சிரிக்கும், சிரித்தவர்களில் ஒவ்வொருவரும் அடுத்தது தானோ என்று எண்ணிக்கொள்வார்கள்.

நெருக்கத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. உங்கள் சொந்தக் கஷ்டங்களை மாணவர்களிடம் சொல்லாதீர்கள், இரவில் தனிப்பட்ட குறுஞ்செய்திகள் வேண்டாம், ‘அவனைப் பற்றிச் சொல்’ என்று ஒருவனிடம் மற்றவனைப் பற்றி விசாரிக்கவும் வேண்டாம். அவர்களுக்கு நண்பர்கள் வேண்டிய அளவு இருக்கிறார்கள்.

இதெல்லாம் தொடங்கியதும் முதல் சில வாரங்கள் வகுப்பு உங்களைச் சோதித்துப் பார்க்கும், விதி நிஜமா என்று. அப்போது மாற்றாதீர்கள். அந்த மாணவன் பேசிய பிறகும் ஒதுங்கியே இருந்தாலோ, மதிப்பெண் சட்டென்று சரிந்தாலோ, வகுப்பில் தூங்கினாலோ, காரணம் உங்கள் வகுப்புக்கு வெளியே இருக்கலாம். வகுப்பாசிரியரிடமோ பள்ளியில் ஆலோசகர் இருந்தால் அவரிடமோ சொல்லுங்கள். வீட்டுக்குப் பேச நேர்ந்தால் எதிர்த்துப் பேசிய கதையை எடுக்காமல், “சில நாட்களாகச் சோர்வாக இருக்கிறான், வீட்டில் எப்படி இருக்கிறான்?” என்று கேட்டுத் தொடங்குங்கள்.