டீச்சர் கூப்பிட்டால் போய் உட்காருங்கள்

விருதுநகரிலிருந்து டெல்லி துவாரகாவுக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது என்கிறீர்கள், தங்கச்சி. ஆறாம் வகுப்பில் ஒருவன் தினமும் "மதராசி, மதராசி" என்று சீண்ட, உங்கள் பையன் ஆத்திரத்தில் அவன் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கித் தரையில் அடித்துவிட்டான். பள்ளியில் அடிக்கவில்லை, சஸ்பெண்ட் செய்யவில்லை. சனிக்கிழமை இரண்டு பையன்களும் இரண்டு வீட்டாரும் வட்டமாக உட்கார்ந்து பேசலாம், வாருங்கள் என்கிறார்கள். "நம்ம ஊர்ல நாலு சாத்து சாத்தி முடிச்சிருப்பாங்க. பேசிப் பேசியே பிள்ளையைக் கெடுத்துடுவாங்களோ?" என்பது உங்கள் பயம்.

தைரியமாகப் போங்கள்.

"கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்" என்று வாத்தியாரிடம் ஒப்படைக்கப்பட்ட தலைமுறை நாம். அதனால் உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் டெல்லியில் அடியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே 'முர்கா' என்று ஒன்று உண்டு. கால்களுக்குப் பின்னாலிருந்து கையை விட்டுக் காதைப் பிடித்தபடி, சேவல் மாதிரிக் குனிந்தே நிற்க வேண்டும். 2007இல் என் மூத்தவனை இந்தி வீட்டுப்பாடம் முடிக்கவில்லை என்று வராந்தாவில் அப்படி நிறுத்தினார்கள். அவனுக்கு அப்போது இந்தி எழுத்தே தடுமாற்றம். போகிற வருகிற பிள்ளைகளெல்லாம் பார்த்துச் சிரித்தார்கள். அதன் பிறகு தினமும் காலையில் வயிற்றுவலி என்பான். காரணம் தெரியாமல் நானும் இரண்டு முறை அடித்துப் பள்ளிக்கு அனுப்பினேன். அது இன்னும் என் மனசில் உறுத்துகிறது. பள்ளிகளில் பிரம்படிக்கு இடம் கொடுத்த விதியை டெல்லி உயர் நீதிமன்றம் 2000இலேயே ரத்து செய்திருந்தது. அது எனக்குத் தெரிய வந்தது வெகு காலம் கழித்துத்தான். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இன்னும் தெளிவாக இருக்கிறது. உடம்பில் கொடுக்கும் தண்டனையும் கூடாது, மனத்தை நோகடிப்பதும் கூடாது. இது நம் விருதுநகருக்கும் சேர்த்துத்தான்.

இப்போது அந்த வட்டத்துக்கு வருகிறேன். நியூசிலாந்தில் 1989இல் சிறுவர்களுக்காக ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். தப்பு செய்த பிள்ளை, பாதிக்கப்பட்டவர், இரு தரப்புக் குடும்பங்கள் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுக்கும் முறைக்கு அதில் இடம் கொடுத்தார்கள். அங்குள்ள மாவோரி மக்களின் வழக்கத்தையொட்டி வந்த முறை அது. அதே எண்ணம்தான் பள்ளிகளுக்குள்ளும் வந்தது. நம்ம ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். பஞ்சாயத்தில் நாட்டாமை தீர்ப்புச் சொல்வார். இங்கே தீர்ப்புச் சொல்ல ஆள் கிடையாது. டீச்சர் கேள்விதான் கேட்பார். என்ன நடந்தது, அப்போது உன் மனசில் என்ன ஓடியது, இதனால் யாருக்கெல்லாம் கஷ்டம், அதைச் சரிசெய்ய இப்போது என்ன செய்யலாம்? கடைசிக் கேள்விக்குப் பதில் பிள்ளைகளிடமிருந்துதான் வர வேண்டும்.

இது சுலபமான வழி இல்லை. என் மகள் எட்டாவது படிக்கும்போது தோழியைப் பற்றி வகுப்பில் ஒரு பொய்யைப் பரப்பிவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு நேர் எதிரே இவளை உட்கார வைத்தார்கள். அந்தப் பெண் அழவில்லை. இரண்டு வாரமாக மதியச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டதை மட்டும் சொன்னாள். வீட்டுக்கு வந்த மகள் அன்றிரவு தட்டைத் தொடவே இல்லை. அடி வாங்கியிருந்தால், கணக்குத் தீர்ந்தது என்று மறுநாளே மறந்திருப்பாள். வகுப்பில் யாரிடமெல்லாம் சொன்னாளோ அவர்களிடமெல்லாம் போய் அது பொய் என்று சொல்ல வேண்டும் என்பது அவளே சொன்ன பரிகாரம். அதைச் செய்து முடிக்க அவளுக்கு ஒரு வாரம் ஆனது.

நம்மைப் போல வெளியூரிலிருந்து வந்தவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த முறை முழுக்கப் பேச்சை நம்பி நிற்கிறது. நாலு மாத இந்தியில் உங்கள் பையன் தன் பக்கத்தைச் சொல்ல முடியாமல் திணறுவான். அடுத்தவன் சரளமாகப் பேசுவான். வார்த்தை இல்லாத பிள்ளை தப்பை ஒத்துக்கொண்டவன் போலத் தெரிவான். அதனால் இன்றைக்கே டீச்சரிடம் பேசி, அவன் தமிழில் சொல்லலாமா, யாராவது மொழிபெயர்க்கலாமா என்று கேளுங்கள். இல்லையென்றால் முந்தின நாளே அவனை எழுதி வைக்கச் சொல்லுங்கள். அவனுக்காக நீங்கள் பேசிவிடாதீர்கள். நம் வீடுகளில் நாம் அதிகம் செய்வது அதைத்தான்.

கண்ணாடிக்கு அவன் பொறுப்பேற்க வேண்டும். உண்டியல் காசிலிருந்து ஒரு பங்காவது கொடுக்கட்டும். அதே வட்டத்தில் "மதராசி" என்ற சொல்லும் பேசப்பட வேண்டும். அதை விட்டுவிட்டுக் கண்ணாடியை மட்டும் பேசினால் பாதி வேலைதான் நடக்கும். அந்தப் பையனை நேரில் பார்க்கவே உங்கள் பிள்ளை பயந்து நடுங்கினால் கட்டாயப்படுத்தாதீர்கள், முதலில் டீச்சர் தனித்தனியாகப் பேசட்டும். எப்படி முடிந்தாலும், இரண்டு வாரம் கழித்து மறுபடி கூடுவதற்கு ஒரு தேதி வாங்கிக்கொள்ளுங்கள். பல பள்ளிகளில் அந்த இரண்டாவது கூட்டத்தை மறந்துவிடுவார்கள்.

மொழிபெயர்க்க ஆள் கிடைக்கவில்லையென்றால் எனக்குச் சொல்லுங்கள். நான் ஜனக்புரியில்தான் இருக்கிறேன். நீல வரிசை மெட்ரோவில் ஏறினால் உங்கள் பக்கம் வந்துவிடலாம், சனிக்கிழமை எனக்கு விடுமுறைதான்.